புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு ஆம்ப் வாங்கும் முன் அடாப்டரின் லேபிளைப் படியுங்கள்

சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீவக வீட்டில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. பழைய பொருள் விற்கும் கேரசெல் தளத்தில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை (அலமாரியில் வைக்கும் அளவு சின்னது) 280 வெள்ளிக்குப் பேசி வைத்திருக்கிறார். பின்பக்கத்தில் 6 ஓம் (மின்தடை), 86 டெசிபல் (சத்தம்), 100 வாட் (மின்திறன்) என்று அச்சிட்டிருக்கிறது. அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரையும், அதாவது ஆம்பையும், சேர்த்து மொத்தச் செலவு 500 வெள்ளியைத் தாண்டக்கூடாது. கடைக்காரர் ஒருவர், "100 வாட் ஸ்பீக்கருக்கு 100 வாட் ஆம்ப்தான் போடணும், 700 வெள்ளி ஆகும்" என்கிறார். இணையத்திலோ உள்ளங்கை அளவு ஆம்ப் ஒன்று 300 வாட் என்ற பெயரில் 120 வெள்ளிக்குக் கிடைக்கிறது. டிவியும் இதில்தான் ஓட வேண்டும், இரவில் ஒலி 96.8 வானொலி கேட்க வேண்டும், வார இறுதியில் கச்சேரி. இரண்டில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்ப வேண்டாம், தம்பி. ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 100 வாட் என்பது அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு. பத்துப் பேர் ஏறலாம் என்று மின்தூக்கியில் எழுதியிருக்கிறது என்பதற்காகப் பத்துப் பேர் சேரும்வரை நாம் காத்திருப்பதில்லையே. உங்களுக்கு எத்தனை வாட் தேவை என்பதை அந்த 86 டெசிபலும் சோபா இருக்கும் தூரமும்தான் சொல்லும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 86 டெசிபல் என்பது ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்த சத்தம். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். உங்களுடையது 6 ஓம் என்பதால் 1.33 வாட். (4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். அதனால்தான் 4 ஓம் ஸ்பீக்கர்களின் டெசிபல் எண் காகிதத்தில் கொஞ்சம் அழகாகத் தெரியும்.) சோபா இரண்டரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு 8 டெசிபல் குறையும். ஆனால் வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதில் ஒரு 3 டெசிபல் மீண்டும் வரும், ஸ்பீக்கர் இரண்டு என்பதால் இன்னொரு 3. ஆக, ஒரு பக்கத்துக்கு 1.33 வாட் கொடுத்தாலே உங்கள் காதில் 84 டெசிபல் அளவில் விழும்.

சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. சராசரி 75 டெசிபலில் பாட்டு ஓடினால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். பல்லாயிரம் வெள்ளி போட்டு வாங்கியவர்கள்கூட அடுக்குமாடியில் அதற்கு மேல் அதிகம் போவதில்லை. ஆனால் இசை ஒரே மட்டத்தில் ஓடாது. மிருதங்கத்தில் ஒரு அடி விழும் அந்தக் கணத்தில் சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறும். அப்படியென்றால் உச்சத்தில் 90-லிருந்து 95 வரை வேண்டும், 94 என்று வைத்துக்கொள்வோம். 84-லிருந்து 94-க்குப் போக 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்திறன். 1.33-ஐப் பத்தால் பெருக்குங்கள்: 13 வாட்.

அவ்வளவுதான் உங்கள் கூடத்தின் தேவை. கொஞ்சம் தாராளமாக 30, 40 வாட் வைத்துக்கொண்டால் தீபாவளிக்கும் போதும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல், ரிமோட்டில் இரண்டு மூன்று அமுக்கு. அந்த 3 டெசிபலுக்காக 700 வெள்ளி கொடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1978-ல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப் அதிகாரபூர்வமாக ஒரு பக்கத்துக்கு 20 வாட்தான். உலகம் முழுவதும் இளைஞர்கள் தங்கள் முதல் நல்ல செட்டாக அதை வாங்கினார்கள். காரணம், 20 வாட் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, இசை எகிறும் கணத்தில் அதற்கு மேலும் தரக்கூடிய மின்னோட்டத்தை அது வைத்திருந்தது. நான் பார்க்கச் சொல்வதும் அந்தக் குணத்தைத்தான்.

இனி 300 வாட் குட்டி ஆம்புக்கு வருவோம். வாட் எண்ணை ஊதிப் பெருக்குவது பழைய வழக்கம். அமெரிக்காவில் 1974-லேயே இதற்கென்று தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தக் குட்டி ஆம்புகள் பலவற்றின் உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3255 சிப். சிப் நல்ல சிப், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டியில் வரும் 300 என்பது அந்தச் சிப்புக்கு 50 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, ஒலி 10 சதவீதம் சிதைகிற வரை முறுக்கினால் கிடைக்கும் எண். 10 சதவீதச் சிதைவில் நாதஸ்வரம் தகரத்தைக் கிழிப்பது போல் இருக்கும்.

உண்மையைச் சொல்வது அதனுடன் வரும் கறுப்பு அடாப்டர். அதைத் திருப்பி, லேபிளில் 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கிறதா? 32-ஐ 5-ஆல் பெருக்கினால் 160. இரண்டு பக்கமும் சேர்த்து, வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, அந்த ஆம்புக்குள் தொடர்ந்து நுழையும் மொத்த மின்திறனே 160 வாட்தான். உள்ளே 160 போனால், பக்கத்துக்கு 300 வீதம் 600 எப்படி வெளியே வரும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த வகை டி கிளாஸ் ஆம்புகளில் (மின்சாரத்தை அதிவேகமாகப் போட்டு நிறுத்தி ஒலியைப் பெருக்குபவை) வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு பக்கத்துக்கான உச்ச வரம்பு கிடைக்கும். 32 பெருக்கல் 32, 1024. உங்கள் 6 ஓமுக்கு 12-ஆல் வகுத்தால் 85 வாட். இரண்டு பக்கமும் 170 ஆகிறது, அடாப்டரில் 160-தான் இருக்கிறது, அதிலும் 10, 15 சதவீதம் வெப்பமாகப் போகும். எனவே ஒரு பக்கத்துக்கு 70 வாட் அளவில் நின்றுவிடும். இதையே 24 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டருக்குப் போட்டால் 30 வாட் வரும். பெட்டியில் உள்ள எண்ணில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் உங்களுக்கு வேண்டிய 13 வாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்! 120 வெள்ளிக்கு உண்மையான 70 வாட் கிடைப்பது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

அடாப்டரைக் கையில் எடுத்த அதே நேரத்தில் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்கப்பூரில் விற்கும் அடாப்டர்களுக்கு அது கட்டாயம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் பொட்டலங்களில் அது பெரும்பாலும் இருக்காது. நாள் முழுவதும் சுவரில் செருகிக் கிடக்கப்போகும் பொருள் அது. எனவே ஆம்பை எங்கே வாங்கினாலும் அடாப்டரை முத்திரையோடு இங்கேயே வாங்குவதுதான் என் வழக்கம். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், செருகும் முனை பொருந்த வேண்டும். இன்னொன்று, 2023 தொடக்கத்திலிருந்து இணையத்தில் வரவழைக்கும் மலிவுப் பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 சதவீதம். விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 6 ஓம் என்பது ஒரு பெயர்தான். பாட்டின் சுருதி மாற மாற ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பன்னாட்டு விதிப்படி, சொன்ன எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழ் அது இறங்கக்கூடாது. 6 ஓம் என்றால் 4.8. ஆனால் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றாதவர்கள் நிறைய. கேஇஎஃப் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட எல்எஸ்50 மிகவும் கொண்டாடப்பட்ட ஸ்பீக்கர். 8 ஓம் என்று போட்டு, குறைந்தபட்சம் 3.2 ஓம் என்று அவர்களே பக்கத்தில் எழுதினார்கள். சென்சிட்டிவிட்டி, அதாவது முன்பு பார்த்த அந்த 1 மீட்டர் சத்தம், 85 டெசிபல். நேர்மையாக எழுதியதால் வாங்குபவருக்குத் தெரிந்தது, தெம்பான ஆம்பாகப் போட்டார்கள். ஓம் இறங்க இறங்க ஆம்ப் தர வேண்டிய மின்னோட்டம் கூடும். தர முடியாத ஆம்ப் சூடாகும், அல்லது பாட்டின் நடுவே 'டக்' என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே ஆம்பின் விவரத் தாளில் 4 ஓமுக்கான வாட் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது 8 ஓம் எண்ணைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தால் உள்ளே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. குறைந்தபட்சம் 8 ஓம் ஸ்பீக்கர் வேண்டும் என்று எழுதியிருந்தால், உங்கள் 6 ஓமுக்கு அது வேண்டாம்.

மலிவு டி கிளாஸ் ஆம்புகளில் இன்னொரு குணமும் உண்டு. ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து உச்சஸ்தாயி ஒலி லேசாகக் கூடும் அல்லது மங்கும். ஒரே ஆம்பை ஒருவர் 'பளிச்' என்கிறார், இன்னொருவர் 'மந்தம்' என்கிறார் என்றால் பாதிக் காரணம் இதுதான். புதிய மாடல்கள் சிலவற்றில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்றும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, நானே பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுத் தீபாவளி. இருபது பேர் கூடத்தில். பேச்சுச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை என்று ஒவ்வொருவராக வால்யூமைக் கூட்டிக் கூட்டி, 15 வாட் ஆம்பின் குமிழ் கடைசிவரை போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து இடது பக்கத்தில் சலங்கை ஒலி காணாமல் போனது. அடுத்த நாள், உச்ச ஒலிகளைத் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கழற்றினேன். முடியைவிடச் சற்றே தடித்த கம்பிச் சுருள், ஒரு பக்கம் கறுத்து, கருகிய வார்னிஷ் வாசனை. நடந்தது இதுதான்: ஆம்பிடம் வோல்ட் தீர்ந்ததும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். தவிலும் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலிகளும் அதற்கு மேல் ஏற இடமில்லை. குமிழைத் திருப்பத் திருப்ப மெல்லிய உச்ச ஒலிகள் மட்டும் தொடர்ந்து ஏறும், வெட்டுப்பட்ட அலையும் தன் பங்குக்குப் புதிய உச்ச ஒலிகளைச் சேர்க்கும். எல்லாம் சேர்ந்து ட்வீட்டர் தலையில் விழும். சில வாட் மட்டும் தாங்கும் மெல்லிய சுருள் அது. ஆனால் அதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்: குரல் கரகரக்கும், தாளம் அமுங்கும். அப்போது குறைத்துவிட்டால் 15 வாட் ஆம்பும் எதையும் எரிக்காது. அன்று யாருடைய காதும் ஸ்பீக்கர் பக்கம் இல்லை.

சரி, காசை எப்படிப் பிரிப்பது? மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும் என்பேன். இரண்டு சுமாரான ஆம்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கக் கண்ணை மூடி உட்கார வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சமையலறையில் நிற்பவருக்கும் தெரியும். உங்கள் 280 சரியான இடத்தில்தான் போயிருக்கிறது. மீதி 220-ல் இரண்டு வழி: முத்திரையுள்ள அடாப்டரோடு ஒரு புதிய குட்டி டி கிளாஸ் ஆம்ப், அல்லது யமஹா ஏ-எஸ்301 போன்ற முழு அளவு ஆம்ப் ஒன்றைப் பழையதாகப் பேசி முடிப்பது. அது 8 ஓமில் 60 வாட், டிவியை மாட்ட ஆப்டிகல் (ஒளி வழியாக ஒலியை அனுப்பும் இணைப்பு) உண்டு, பின்னாளில் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரைச் சேர்க்கவும் வழி உண்டு. நல்ல நிலையில், உங்கள் மீதத்துக்குள் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

பழையது வாங்கப் போகும்போது கைபேசி டார்ச்சோடு போங்கள். முதலில் ஆம்பின் முதுகில் வோல்ட் எண்ணைத் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த அழகான பழைய ஆம்புகள் இங்கே நிறையச் சுற்றுகின்றன, அவை 100 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தவை 120. நம் 230 வோல்ட் சுவரில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு, தனிப் பாரம். அப்புறம் வால்யூம் குமிழை மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றுங்கள். லேசான கரகரப்பு வந்தால் சுத்தம் செய்துகொள்ளலாம், ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரில், கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. நுரைப் பொருள் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், விரல் நுனியில் மாவு போல் ஒட்டும். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே திரிவேன். ஒரு நல்ல பிரிட்டிஷ் ஜோடி ஸ்பீக்கரை அந்த மாவு காரணமாகவே மனசில்லாமல் வைத்துவிட்டு வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒரு முறை கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போய் வாருங்கள். ஹை-ஃபை கடைகள் அங்கே கூட்டமாக இருக்கின்றன. நீங்கள் நூறு முறை கேட்ட ஒரு கச்சேரிப் பதிவைக் கைபேசியில் எடுத்துப்போங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் கும்கி என்னும் வளையும் நாதம் எழும்போது ஒலி வளைந்து ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, 'பொம்' என்று இழுக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் தம்புரா தனியாகத் தெரிகிறதா, இரைச்சலோடு கலந்துவிடுகிறதா? இந்த இரண்டும் எனக்கு எந்த அளவுகோலையும்விட அதிகம் சொல்லியிருக்கின்றன.

டிவி இணைப்புக்கு ஒரு வார்த்தை. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ஆம்புக்கு அனுப்பும் வசதி) உள்ள ஆம்ப் கிடைத்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆப்டிகலில் பெரும்பாலும் அது நடக்காது, ஆம்பின் ரிமோட் தனியாக வேண்டும். நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தொடர் பார்ப்பது அம்மா என்றால் அவர் கையில் இரண்டு ரிமோட் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். மடிக்கணினியை யூஎஸ்பியில் மாட்டும்போது 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், எர்த் இரண்டு வழியில் சுற்றுகிறது என்று அர்த்தம். ஆப்டிகலில் மாட்டினால் போய்விடும். பிளக்கின் எர்த் முனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். வயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம்: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 3 மீட்டர் ஓட்டினால், போகவர சேர்த்து 0.07 ஓம்தான் வரும், உங்கள் 6 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் பூசிய செம்பு, வேண்டாம்.

மிச்சக் காசு இருந்தால் அதை ஆம்பில் போடாமல் கூடத்தில் போடுங்கள். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், கண்ணாடி ஜன்னல். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள், 'டிர்ர்' என்று உலோகம் போல் திரும்பி வரும். சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை. 60 வெள்ளி கம்பளம் செய்யும் வேலையை 600 வெள்ளி ஆம்ப் செய்யாது. ஸ்பீக்கரின் பின்புறம் வட்ட ஓட்டை இருந்தால், சுவரிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாணாவது தள்ளி வையுங்கள். இடம் இல்லையா, ஓட்டைக்குள் ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டி வைத்தால் போதும், தவில் தெளியும். ட்வீட்டர் காது மட்டத்தில் வரட்டும். டிவி மேசையில் நேராக வைக்காமல் பழைய யோகா பாயை வெட்டி அடியில் கொடுங்கள். கான்கிரீட் வழியாக இறங்கும் பேஸ்தான் இரவு பத்தரைக்கு மேல் கீழ்வீட்டுக்காரரை எழுப்பும். பாட்டு அவர் காதுக்குப் போவதில்லை, அந்தத் 'தும் தும்' போகிறது.

மாட்டி முடித்ததும் முதலில் ஒரே ஒருவர் பேசும் வானொலி நிகழ்ச்சியைப் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், டிவி இருக்கும் இடத்திலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் மங்கலாக மிதந்து, பேஸும் வற்றிப்போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி மாட்டுங்கள்.